பந்தயம் முடிந்த பின்னர் குதிரைக்கு யார் பொறுப்பு?

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் விழாக்கோலம் பூண்டுவிடும். மலர்க் கண்காட்சி, மோட்டார் வாகனப் போட்டி, கிரகரி வாவியில் படகுச் சவாரி என்று பல இருந்தாலும், கொழும்பிலிருந்து வருபவர்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது குதிரைப் பந்தயத்தைத்தான். மறுநாள் பத்திரிகையில் வென்ற குதிரையின் பெயரும் அதன் உரிமையாளர் கிண்ணம் பெறும் படமும் வெளியாகும். தோற்ற குதிரையின் பெயரை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வென்ற குதிரையும் தோற்ற குதிரையும் சில வருடங்களில் ஓடமுடியாத நிலையை அடைந்துவிடுகின்றன. அதன் பின்னர் அவை எங்கே போகின்றன, அவற்றுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

பெண்களுக்கான சஞ்சிகையில் குதிரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சகோதரிகள் சிலர் நினைக்கக்கூடும். நான் தெல்தோட்டையைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்று, சமூகப் பணியாளராகக் கடமையாற்றி வருகிறேன். 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குக் குடிபெயர்ந்து, அங்கே போரில் உறவுகளை இழந்து, மீண்டும் இனசனத்தைத் தேடி எமது பகுதித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தாய்மார்களோடு பழகும் வாய்ப்பு எனக்குண்டு. “புனர்வாழ்வு”, “வாழ்வாதாரம்” என்ற சொற்களை அவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அச்சொற்களுக்கு உண்மையான பொருள் என்ன என்று நான் தேடியபோதுதான், பந்தயக் குதிரைகளின் கதை கண்ணில் பட்டது.

பெண்ணைக் குதிரைக்கு ஒப்பிடுவது எனது நோக்கமன்று. ஆனால், ஓர் உயிரிடம் வேலை வாங்கியவர்கள், வேலை முடிந்ததும் அதனை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால், ஒரு சமூகம் தனது கடனை எப்படிக் கணக்கு வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மலைக்கு வந்த குதிரை

மலைநாட்டுக்கும் குதிரைக்கும் நீண்ட தொடர்புண்டு. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். ஒழுங்கான பாதைகள் இல்லாத அக்காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் மலை மலையாகக் குதிரையிலேயே சுற்றினார்கள். அக்குதிரைகளுக்குப் புல் அறுத்து, உடம்பு தேய்த்து, லாயத்தைக் கூட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களைக் குதிரைக்காரர் என்றார்கள். குதிரை இருந்தது லாயம். அதனைப் பராமரித்தவர்கள் இருந்தது லயம். “லயம்” என்பது “லைன்” என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஆயினும் அந்தப் பெயர்கள் இப்படி ஒன்றுபோல ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு மனம் கனக்கவே செய்கிறது.

துரைமாரின் பொழுதுபோக்காகவே இங்கு குதிரைப் பந்தயமும் வளர்ந்தது. நுவரெலியாவில் ஜிம்கானா கழகம் 1875இல் அமைக்கப்பட்டது. கொழும்பில் கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடல் 1893 முதல் இயங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அதே திடல் விமான ஓடுபாதையாகவும் பயன்பட்டது. 1956இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின்னர் கொழும்பில் பந்தயம் நின்றுபோயிற்று. இன்று அங்கே பழைய பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதியாகவும், ஓடுதளம் விளையாட்டு மைதானமாகவும் மாறிவிட்டன. நுவரெலியாவில் பந்தயம் இன்றும் நடக்கிறது.

குதிரையின் ஆயுள் கணக்கு

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் குதிரை இனத்தைத் தரோபிரெட் என்பர். இக்குதிரை இரண்டு வயதிலேயே ஓட்டத்துக்குப் பழக்கப்படுகிறது. எலும்பு முழுமையாக முற்றுவதற்கு முன்பே முதுகில் ஆளைச் சுமந்து ஓடுகிறது. பெரும்பாலான குதிரைகளின் பந்தய வாழ்வு ஆறு, ஏழு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. காலின் தசைநார் கிழிதல், மூட்டு வீக்கம், எலும்பு வெடிப்பு, வேகம் குறைதல் என்பனவே காரணங்கள். ஆனால் ஒழுங்காகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 வயது வரை வாழும். அதாவது, ஓடிய காலம் நாலைந்து வருடம் என்றால், ஓடாமல் வாழவேண்டிய காலம் இருபது வருடம்.

இந்த இருபது வருடத்துக்கு என்ன செலவாகும்? குடும்பம் நடத்தும் பெண்கள் நாம், கணக்குப் பார்ப்போம். 450 கிலோ முதல் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்ந்த தீனி வேண்டும். மாதத்துக்கு 300 கிலோ. இருபது வருடத்துக்கு ஏறத்தாழ 73 தொன்! தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 40 லீற்றர். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவவேண்டும். பல்லை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். பூச்சிமருந்து, தடுப்பூசி, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை என்பன வேறு. இவ்வளவு செலவையும் பந்தயப் பரிசு கிடைக்கும் வரை உரிமையாளர் முகம் சுளிக்காமல் செய்கிறார். பரிசு நின்ற மாதத்தில்தான் செலவு பெரிதாகத் தெரிகிறது.

குதிரையைக் கைவிடுவோர் எல்லோரும் கல்நெஞ்சக்காரர் அல்லர். கணக்கைத் தொடக்கத்தில் போடாதவர்கள் என்பதே பொருத்தமானது.

நுவரெலியா வீதிகளில்

கிரகரி வாவிக்கரையில் சவாரிக்காக நிற்கும் குதிரைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் குள்ளமான மட்டக்குதிரைகளும் உண்டு, நெடிய கால்களும் மெல்லிய கழுத்தும் கொண்ட பந்தய இனத்துக் குதிரைகளும் உண்டு. உல்லாசப் பிரயாணிகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவை நடக்கின்றன. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பவர்களில் எமது மலையகத்து இளைஞர்களும் உள்ளனர். அக்குதிரையின் உழைப்பில்தான் அந்த இளைஞனின் வீட்டு அடுப்பும் எரிகிறது.

சவாரி என்பது சுற்றுலாவை நம்பிய தொழில். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள், 2020இல் கொரோனா முடக்கம், 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் என்று அடுத்தடுத்து வந்தபோது வாவிக்கரை வெறிச்சோடியது. மனிதருக்கே பால்மா இல்லாத காலத்தில் குதிரைக்கு யார் தீனி வாங்குவார்? நகரத்திலே கட்டாக்காலிக் குதிரைகள் திரிவதும், குப்பையைக் கிளறித் தின்பதும், வாகனங்களில் அடிபடுவதும் பத்திரிகைகளில் பலமுறை வெளிவந்த செய்திகள். தமிழ்நாட்டின் ஊட்டியிலும் இதே காட்சிதான். குளிரான மலைநகரம், பந்தயத் திடல், சுற்றுலாச் சவாரி, பின்னர் வீதியில் குப்பை தின்னும் குதிரை என்று இரண்டு நகரங்களும் ஒரே வழியில் சென்றிருக்கின்றன.

எமது நாட்டில் மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. துரைமார் குதிரையில் சுற்றிய காலத்துச் சட்டம் அது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்கான வரைவு 2006இல் சட்ட ஆணைக்குழுவினால் தயாரிக்கப்பட்டது. அரசாங்கங்கள் பல மாறியும் அது நீண்ட காலம் சட்டமாகாமல் கிடந்தது. அடிப்பதையும் வதைப்பதையும் சட்டம் தடுக்கலாம். ஆனால் வேலை முடிந்ததும் கைகழுவி விடுவதைத் தடுப்பதற்கு, அந்த உயிர் யாருடைய பொறுப்பு என்று எழுதிய பதிவும் அதற்கென்று ஒதுக்கிய பணமும் வேண்டும்.

கைவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்களை வடக்குச் சகோதரிகள் நன்கு அறிவர். நெடுந்தீவில் திரியும் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் அங்கு வளர்க்கப்பட்டவற்றின் பரம்பரை எனப்படுகிறது. பழைய லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. எசமானர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். குதிரைகள் தீவிலேயே தங்கிவிட்டன. கடும் வறட்சி வரும்போது அவை தண்ணீரின்றி மடிந்த செய்திகளையும் படித்திருக்கிறோம். 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

பாம்புக்கடி மருந்தில் குதிரையின் இரத்தம்

ஓட்டம் முடிந்த குதிரைகள் போகும் இன்னோர் இடம் உண்டு. அது எமது உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

வயலிலோ தேயிலை மலையிலோ நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டினால் வைத்தியசாலையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, ஆய்வுகூடத்தில் பொடிகளைக் கலந்து செய்யப்படுவதன்று. ஒரு குதிரைக்கு மிகச் சிறிதளவு பாம்பு விஷத்தை ஊசிமூலம் ஏற்றி, பல மாதங்களாகச் சிறுகச் சிறுக அளவைக் கூட்டுவார்கள். குதிரையின் உடல் அவ்விஷத்தை எதிர்க்கும் பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்கும். பின்னர் குதிரையின் இரத்தத்தை எடுத்து, அதிலிருந்து அப்பொருளைப் பிரித்துச் சுத்திகரித்து மருந்தாக்குவார்கள். இம்முறை 1890களில் பிரான்சைச் சேர்ந்த அல்பேர்ட் கல்மெட் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகளோடு தொடங்கியது.

இலங்கை வைத்தியசாலைகள் நீண்டகாலமாக இந்தியாவிலிருந்து வரும் மருந்தையே நம்பியுள்ளன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராக அது தயாரிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதில், சென்னைக்கு அண்மையில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இரத்தம் கொடுப்பவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும். பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரைகளும் இதில் சேர்வதுண்டு.

இது நல்ல முடிவா, கெட்ட முடிவா? இரண்டுமாக இருக்கலாம். நல்ல தீனி, போதிய இடைவெளி, மிருக வைத்தியரின் கண்காணிப்பு என்பன இருந்தால் குதிரை பல வருடம் வாழ்ந்து பலரது உயிரைக் காக்கும். இல்லாவிட்டால் அது நடமாடும் இரத்தப் பையாகிவிடும். இந்தியாவில் இத்தகைய நிலையங்களை அரசு சார்பில் பரிசோதித்தவர்கள், பலவற்றில் குதிரைகள் இரத்தச்சோகையோடும் புண்களோடும் இருந்ததாக 2016இல் அறிக்கையிட்டனர். பாம்புக்கடிக்குத் தப்பிய தாய்க்கு, தன்னைக் காப்பாற்றிய வைத்தியரைத் தெரியும். தனக்கு இரத்தம் தந்த குதிரையைத் தெரியாது.

வெற்றியும் காப்பாற்றவில்லை

“நன்றாக ஓடியிருந்தால் அக்குதிரையை நன்றாகப் பார்த்திருப்பார்கள்” என்று நாம் எண்ணலாம். அமெரிக்காவில் பேர்டினன்ட் என்ற குதிரையின் கதை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

பேர்டினன்ட் 1986இல் அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கென்டக்கி டேர்பி பந்தயத்தை வென்றது. 1987இல் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தெரிவானது. அது ஈட்டிய பரிசு 37 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல். பின்னர் இனவிருத்திக்காக 1994இல் யப்பானுக்கு விற்கப்பட்டது. அங்கே எதிர்பார்த்த பயன் கிடைக்காதபோது கைமாறிக் கைமாறி, 2002இல் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையாளர் அதனைத் தேடிப் போனபோதே உலகுக்கு உண்மை தெரியவந்தது.

அதன் பின்னர்தான் பலர் விழித்துக்கொண்டார்கள். பந்தயம் ஒன்றுக்குச் சில டொலர் வீதம் உரிமையாளர்களிடம் சேர்த்து, ஓய்வு பெற்ற குதிரைகளுக்குக் கொடுக்கும் “பேர்டினன்ட் கட்டணம்” நியூயோர்க்கில் உருவானது. பராமரிப்பு நிலையங்களைப் பரிசோதித்து அங்கீகரிக்கும் அமைப்பு 2012இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் இதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி அளிக்கும் அறநிலையம் அமைந்திருந்தது.

மைக்கல் புளோவன் என்பவர் பத்திரிகையொன்றில் திரைப்பட விமர்சனம் எழுதி வந்தவர். அவர் 2003இல் கென்டக்கியில் “பழைய நண்பர்கள்” என்ற பொருளுடைய ஓல்ட் பிரண்ட்ஸ் பண்ணையைத் தொடங்கினார். அங்கே ஓய்வு பெற்ற குதிரைகளுக்கு வேலை எதுவுமில்லை. மக்கள் கட்டணம் செலுத்தி அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார்கள். 1997இல் கென்டக்கி டேர்பியை வென்று, பின்னர் யப்பானுக்குப் போன சில்வர் சார்ம் 2014இல் அப்பண்ணைக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டது. பேர்டினன்டுக்குக் கிடைக்காத திரும்பும் வழி அதற்குக் கிடைத்தது.

ஒரு பெண் எழுதிய கடிதம்

பந்தயக் குதிரையைப் போலவே போர்க் குதிரைக்கும் “பின்னர்” என்ற ஒன்று உண்டு. போரைக் கண்ட எமக்கு அக்கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாம் உலகப் போர் முடிந்தபோது, எகிப்தில் இருந்த பிரித்தானியப் படையின் குதிரைகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே விற்கப்பட்டன. அவற்றை நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவு அதிகம் என்பதே காரணம். 1930இல் கணவரின் உத்தியோகம் காரணமாகக் கெய்ரோ நகருக்கு வந்த டொரோத்தி புரூக் என்ற பெண், கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்த எலும்பும் தோலுமான கிழட்டுக் குதிரைகளின் உடம்பில் படை முத்திரையைக் கண்டார். 1931இல் லண்டனில் வெளிவந்த மோர்னிங் போஸ்ட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்று வருடங்களில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவர் விலைகொடுத்து மீட்டார். பலவற்றைக் காப்பாற்ற முடியாத நிலை. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீனியும் படுக்க மெத்தென்ற வைக்கோலும் கொடுத்து, வலியில்லாமல் விடைகொடுத்தார்கள். 1934இல் அவர் கெய்ரோவில் போர்க் குதிரைகளுக்கான வைத்தியசாலையை நிறுவினார். அன்று தொடங்கிய அமைப்பு இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் சேவை செய்கிறது.

அக்குதிரைகளை வாங்கியிருந்தவர்களும் வறுமையில் வாடிய ஏழைகளே. அவர்களைப் பழித்துத் துரத்தாமல், குதிரைக்கு உரிய விலையைக் கொடுத்தே அவர் வாங்கினார். ஏழையின் அடுப்பை அணைத்துவிட்டுக் குதிரையைக் காப்பாற்ற முடியாது என்பதை அப்பெண் புரிந்துவைத்திருந்தார். நுவரெலியாவுக்கும் இது பொருந்தும்.

ஒருமுறையேனும் வெல்லாத குதிரை

யப்பானில் ஹரு உராரா என்றொரு பெண் குதிரை இருந்தது. இளவேனிலின் இதம் என்பது அப்பெயரின் கருத்து. 1996இல் பிறந்த இக்குதிரை கொச்சி என்ற யப்பானிய நகரின் பந்தயத் திடலில் 113 தடவை ஓடியது. 113 தடவையும் தோற்றது. தோல்வி நூறை நெருங்கியபோது, பொருளாதாரம் தளர்ந்து வேலையிழந்து தவித்த யப்பானிய மக்கள் இக்குதிரையைத் தமது குதிரையாகவே நினைக்கத் தொடங்கினார்கள். “தோற்றாலும் அடுத்த தடவை ஓட வருகிறதே” என்பதே அவர்களுக்கு ஆறுதலாயிற்று. 2004 மார்ச் மாதத்தில் நாட்டின் தலைசிறந்த ஓட்டுநர் அதில் ஏறி ஓட்டினார். பெருங்கூட்டம் திரண்டு பார்த்தது. அன்றும் அது 11 குதிரைகளில் 10ஆவதாகவே வந்தது. ஆயினும் கடனில் மூழ்கியிருந்த அப்பந்தயத் திடல் அதனால் பிழைத்துக்கொண்டது.

புகழ் அடங்கியதும் அதன் பெயர் செய்திகளிலிருந்து மறைந்தது. பின்னர் சிபா மாகாணத்தில் ஒரு பண்ணையில் அது இருந்தபோது, அன்பர்கள் சங்கம் அமைத்து, ஆளுக்குக் கொஞ்சமாக மாதாமாதம் பணம் சேர்த்து அதன் தீனிக்குக் கொடுத்தார்கள். 2025 செப்டெம்பரில், 29ஆவது வயதில், ஹரு உராரா இறந்தது. டேர்பி வென்ற பேர்டினன்ட் இறைச்சிக்குப் போயிற்று. ஒன்றையும் வெல்லாத ஹரு உராரா முதுமை கண்டு இறந்தது. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது எமது பெண்கள் ஒவ்வொரு கிராமத்திலும் நடத்துகின்ற சிறு சேமிப்புப் போன்ற ஓர் ஏற்பாடுதான். ஒருவர் தாங்கமுடியாத செலவைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மறுபயிற்சி எப்படி நடக்கிறது?

பந்தயத்திலிருந்து வந்த குதிரையை மறுநாளே சவாரிக்கு விடக்கூடாது என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். அதற்கு ஒன்றுதான் தெரியும்: கதவு திறந்தால் ஓடுவது. முதுகில் ஏறும்போது அசையாமல் நிற்கவோ, வாகனச் சத்தத்தைப் பொறுக்கவோ அதற்குத் தெரியாது. ஆகவே மூன்று படிகளாக அதனைப் பழக்குகிறார்கள்.

முதலாவது, ஓய்வு. தானியத் தீனியைச் சிறுகச் சிறுகக் குறைத்து, புல்லுக்குப் பழக்கி, சில வாரங்களோ சில மாதங்களோ வேலை எதுவும் கொடுக்காமல் வெளியில் மேயவிடுகிறார்கள். தீனியை ஒரேயடியாக மாற்றினால் கடும் வயிற்று நோய் வந்து குதிரை செத்தும் போகலாம். இக்காலத்தில் காலின் காயங்கள் ஆறுகின்றன.

இரண்டாவது, துணை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியே கட்டினால் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும், மரத்தைக் கடிக்கும். அமைதியான வயதான குதிரையொன்றைப் பக்கத்தில் விட்டால் படிப்படியாக அடங்கும்.

மூன்றாவதாகவே புதிய தொழில். அதுவும் அக்குதிரையின் காலுக்கும் குணத்துக்கும் ஏற்றது. சில குதிரைகள் சவாரி கற்பிக்கப் பொருந்தும். சில பொலிஸ் சேவைக்குப் பொருந்தும். சாந்தமான சில, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் போரில் மனம் பாதிக்கப்பட்டோருக்கும் ஆறுதல் தரும் சிகிச்சையில் பயன்படுகின்றன. எதற்கும் பொருந்தாதவற்றுக்கு மேய்ச்சல் நிலமே போதும்.

இதனை வாசித்தபோது என்னால் எமது சகோதரிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முகாமிலிருந்து வந்த ஒரு தாய்க்கு அழுது தீர்க்க ஒரு மாதம்கூடக் கொடுக்காமல், மறுவாரமே தையல் வகுப்புக்கு வரச்சொல்லிப் பெயர் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். காணியும் தண்ணீரும் இல்லாத இன்னொரு தாய்க்கு ஒரு நிறுவனம் கறவைப் பசு கொடுத்தது. படம் எடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். புல்லுக்கு வழியில்லை, மிருக வைத்தியர் வர வாகன வசதியில்லை. ஆறு மாதத்தில் பசு பாதி விலைக்குப் போயிற்று, தீனி வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது. அவருக்குப் “பொறுப்பில்லை” என்ற பெயரும் சேர்ந்தது. பொறுப்பில்லாமல் நடந்தது அந்தத் தாயா, கணக்குப் போடாமல் கொடுத்தவர்களா?

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

ஓய்வு பெற்ற குதிரையைப் பராமரிக்கும் செலவை எந்த நாளில் ஒதுக்கவேண்டும்? அது ஓடமுடியாமல் விழுந்த நாளில் அல்ல. அது முதன்முதல் ஓடிய நாளிலேயே, ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கவேண்டும். இதை முன்கூட்டிச் செய்த இடங்களில் குதிரைகளுக்கு ஒரு போக்கிடம் இருக்கிறது. செய்யாத இடங்களில் வீதியே அவற்றின் போக்கிடம். ஓடிய உயிருக்குப் பின்னர் போடும் தீனி தர்மம் அல்ல, கடன். எமது நாட்டுப் பந்தயத்திலும் நுழைவுச் சீட்டிலும் பரிசுத் தொகையிலும் சிறு பங்கை இதற்கென ஒதுக்குவதும், ஒவ்வொரு குதிரைக்கும் உரிமையாளர் பதிவை இறுதிவரை பேணுவதும், சவாரிக்காரருக்கு மிருக வைத்திய வசதி செய்துகொடுப்பதும் செய்யக்கூடியவையே.

எமக்கும் இதில் பாடமுண்டு. வாழ்வாதார உதவியாக ஆடு, மாடு, கோழி என்று எதைக் கொண்டுவந்தாலும், கையொப்பம் வைப்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதல் வருமானம் வரும் வரைக்கும் தீனிச் செலவு யாருடையது? நோய் வந்தால் எந்த மிருக வைத்தியர், எத்தனை நாளில் வருவார்? இத்தொழில் எனக்கு ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கவோ மாற்றிக்கொள்ளவோ முடியுமா? தனியே கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் மாதர் சங்கத்தின் ஊடாக, எழுத்தில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயலன்று.

கெய்ரோ வீதியில் ஒரு பெண் படை முத்திரையைக் கண்டு கேட்டதும் இத்தகைய கேள்வியையே: “இது யாருடைய குதிரை?” அவர் கேட்கும்வரை அக்குதிரைகள் ஒருவருக்கும் சொந்தமில்லாதவையாகவே இருந்தன.